கேள்வியை நாங்களே எழுதிக்கொண்டு போனோம்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் நாங்கள் செய்த நகர வளர்ச்சி ஆய்வின் அட்டையில் இரண்டு வாசகங்கள் இருந்தன. மக்கள் பங்கேற்புடன் செய்யப்பட்டது என்பது ஒன்று. பல துறையினர் சேர்ந்து எழுதியது என்பது இன்னொன்று. இரண்டும் பொய். அந்த ஆய்வை ஒருங்கிணைத்தவன் நான். அட்டை வாசகங்களை எழுதியவனும் நான்தான். எழுதும்போதே எனக்கு அது தெரியும். இதைச் சொல்ல இத்தனை காலம் எடுத்துக்கொண்டதையும் என் குற்றத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

என் நிறுவனத்தையோ உடன் வேலை பார்த்தவர்களையோ இதில் இழுக்கப்போவதில்லை. அவர்கள் அவரவர் துறையில் நேர்மையாக உழைத்தார்கள். அந்த உழைப்பை ஒன்றுசேர்க்கும் பொறுப்பு எனக்கிருந்தது. அதை நான் செய்யவில்லை.

முதலில் ஊர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் சின்ன நகராட்சிகள். 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூரில் ஏறத்தாழ 40 ஆயிரம் பேர், அரியலூரில் ஏறத்தாழ 29 ஆயிரம் பேர். பெரம்பலூர் 1995-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்து மாவட்டத் தலைநகரானது. அரியலூருக்கு அந்தத் தகுதி 2001-இல் கிடைத்து, 2002-இல் கைவிட்டுப் போய், 2007-இல் திரும்பி வந்தது. ஆட்சியர் அலுவலகம் வந்த ஊரில் மனை விலை ஏறும், கல்லூரிகள் வரும், வயலுக்கு நடுவே நகர் நகராகப் பெயர்ப் பலகைகள் முளைக்கும். நகரம் என்றால் சென்னை, கோவை, மதுரை என்றே பேசிப் பழகிய நமக்கு, ஒரு தாலுகா ஊர் நகரமாவதை அருகில் இருந்து பார்க்க இவற்றைவிட நல்ல இடம் கிடையாது.

பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் கிடையாது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையும் பேருந்துகளும்தான் அதை நடத்துகின்றன. சுற்றிலும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அரியலூருக்கு ரயிலும் உண்டு, பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல்லும் உண்டு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் கடல் இருந்தது. அது விட்டுப்போன படிவைத்தான் இன்றைக்கு வெட்டி சிமெண்டாக்குகிறார்கள். வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் புதைபடிவங்களைப் பார்க்கலாம். நிலவியல் தெரியாமல் அரியலூரின் சாலையைப் பற்றிப் பேச முடியாது. சாலையைத் தெரிந்துகொள்ளாமல் அங்குள்ள ஒரு வீட்டின் காலை நேரத்தைப் பற்றிப் பேச முடியாது. பல துறைகள் சேர்ந்தால்தான் விளங்கும் ஊர் என்று ஆய்வுக்குப் பணம் கேட்ட விண்ணப்பத்தில் நானே எழுதியிருந்தேன்.

எங்கள் குழுவில் நிலவியல் படித்தவர், போக்குவரத்துப் பொறியாளர், மருத்துவர், பொருளியல்காரர் என்று எல்லோரும் இருந்தார்கள். நான் சமூகவியல். வினாத்தாளை ஊருக்குப் போகும் முன்பே அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டோம். ஆளுக்கொரு பகுதி எழுதினார்கள், நான் வரிசைப்படுத்தினேன். பெரம்பலூரிலிருந்தோ அரியலூரிலிருந்தோ ஒரே ஒருவரையாவது அந்த மேசைக்குக் கூப்பிட்டிருக்கலாம். அப்படி ஒரு யோசனையே எனக்கு வரவில்லை. மக்களின் வேலை பதில் சொல்வது என்று என் மனதில் எப்போதோ முடிவாகியிருந்தது.

அரியலூரை ஒட்டிய ஒரு குடியிருப்பில் பெண்களைக் கூட்டி ஊர்ப்படம் போடச் சொன்னோம். கோலப்பொடியும் புளியங்கொட்டையும் கொடுத்தோம். சாலைக்கும் ஏரிக்கும் கோலப்பொடி, வீட்டுக்குப் புளியங்கொட்டை. அவர்கள் உட்கார்ந்து, எழுந்து, அழித்து, மறுபடி போட்டு ஒரு படத்தை முடித்தார்கள். லாரி போகும் சாலையை இரண்டு கோடாகப் போட்டிருந்தார்கள், நடுவில் இடைவெளி விட்டு. அங்கே இருப்பது ஒரே சாலை. எதற்கு இரண்டு என்று கேட்டேன். ஒரு அக்கா சொன்னார்: “பகல்ல அது வேற ரோடு சார், ராத்திரி வேற ரோடு.”

விவரமாகச் சொல்லுங்கள் என்றதும் அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனார். “லாரி ஓயற நேரந்தாங்க துணி காயப்போட முடியும். அந்த நேரம் பாத்துத்தான் கொழாயில தண்ணி வரும். தண்ணி புடிச்சு வெக்கறதுக்குள்ள வேலைக்குக் கூட்டிட்டுப் போற வண்டி கெளம்பிரும். வண்டிய வுட்டா அன்னிக்குக் கூலி இல்ல. இருமுற புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாலும் கூலி இல்ல. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டுக் கெடக்குதுங்க.”

குறிப்பெடுக்க வந்திருந்த ஆய்வு மாணவி அதை அப்படியே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். அன்று மாலை அறையில் உட்கார்ந்து, இதைத் தலைப்பு வாரியாகப் பிரித்து எழுது என்றேன். லாரி போக்குவரத்துக்கு, குழாய் குடிநீருக்கு, கூலி வாழ்வாதாரத்துக்கு, இருமல் உடல்நலத்துக்கு. அவள் தயங்கினாள். “பிரிச்சா அவங்க சொன்னது போயிருமே சார்” என்றாள். அறிக்கையின் அமைப்பு அப்படித்தான் என்றேன். அவள் பிரித்தாள். அவள் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். இந்த வாக்குமூலத்தில் நான் ஒன்றை மட்டும்தான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

பிரித்ததால் என்ன போயிற்று என்று பார்க்க வேண்டும். போக்குவரத்து அத்தியாயத்தில் ஒரு கனரக லாரியை மூன்று காருக்குச் சமமாக வைத்து, சாலையின் கொள்ளளவைக் கணக்கிட்டோம். பொறியியலில் அதுதான் நடைமுறை. குடிநீர் அத்தியாயத்தில், பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழிகாட்டு அளவை வைத்து ஒப்பிட்டோம். தூசி அத்தியாயத்தில் பிஎம் 10 துகளுக்கு 2009-இல் வகுத்த தேசிய வரம்பை எடுத்துக்கொண்டோம், அதாவது 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். ஒவ்வொரு அளவுகோலும் அதனதன் இடத்தில் சரியானது. ஆனால் அந்த அக்கா சொன்னது நேரத்தைப் பற்றி. லாரி எப்போது ஓய்கிறது, தண்ணீர் எப்போது வருகிறது, வண்டி எப்போது கிளம்புகிறது என்பதைப் பற்றி. 24 மணி நேரச் சராசரியில் அவர் துணி காயப்போடும் ஒரு மணி நேரம் கரைந்துவிடும். நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கில் அது எந்த மணிக்கு வந்தது என்பதற்கு இடமே இல்லை. எங்கள் அத்தியாயங்களில் எதுவுமே நேரத்தைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால் எங்கள் பரிந்துரைகள் எல்லாம் பெரிய செலவில் போய் நின்றன. சாலையை அகலப்படுத்த வேண்டும், மேல்நிலைத் தொட்டி கட்ட வேண்டும், மருத்துவ முகாம் நடத்த வேண்டும். அவர் சொன்னதைச் சொன்னபடி கேட்டிருந்தால் முதல் பரிந்துரை வேறாக இருந்திருக்கும். தண்ணீர் திறக்கும் நேரத்தையும் வேலை வண்டி வரும் நேரத்தையும் லாரிப் போக்குவரத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுங்கள் என்று எழுதியிருப்போம். அதற்குத் தேவை ஒரு கூட்டம், ஒரு கால அட்டவணை. எல்லாவற்றையும் அது தீர்த்திருக்காது. ஆனால் அந்தத் தெருவில் சில பெண்களுக்கு மாதத்தில் சில நாள் கூலி மிஞ்சியிருக்கலாம்.

கோலப்பொடிப் படத்தையும் பொறியாளர் கணினியில் திருத்தி வரைந்தார். இரண்டு கோடு ஒரு கோடானது. நான் ஒப்புக்கொண்டேன். படத்தைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் மட்டும் நன்றாக வந்திருந்ததால் அதை அறிக்கையின் அட்டையில் போட்டோம். அவர்களுடைய முகம் அட்டையில் இருக்கிறது. அவர்கள் சொன்னது உள்ளே எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்த அட்டையைக் காட்டி ஒரு கருத்தரங்கில் பேசி, பங்கேற்பு ஆய்வுக்கு நல்ல முன்மாதிரி என்று பாராட்டு வாங்கினேன்.

பெரம்பலூரில் செய்தது வேறு மாதிரியான தவறு. வார்டு வாரியாகக் கருத்துக் கேட்டோம். சமுதாயக்கூடத்தில் காலை 11 மணிக்குக் கூட்டம், டீ, வடை. அந்த நேரத்துக்கு வரக்கூடியவர்கள் யார்? ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடை முதலாளிகள், முன்பு கவுன்சிலராக இருந்தவர்கள். அவர்கள் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். வந்திருந்த சில பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கையெழுத்துகளை எண்ணித்தான் பெண்கள் பங்கேற்பு இத்தனை விழுக்காடு என்று எழுதினோம். நாள் கூலிக்குப் போகிறவர் 11 மணிக்கு எப்படி வருவார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். மாலையில் வைத்திருக்கலாம். வருகிறவருக்கு அன்றைய கூலியைக் கொடுக்கும்படி திட்டச் செலவில் எழுதியிருக்கலாம். கருத்தரங்குக்கு விமானக் கட்டணம் எழுதத் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லை.

இன்னொன்று அதைவிடப் பெரியது. பெரம்பலூரைப் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பகுதி அந்த ஊரில் குடியிருப்பவர்கள் இல்லை. குன்னம், வேப்பூர், வேப்பந்தட்டை, ஆலத்தூர்ப் பக்கத்திலிருந்து காலையில் பேருந்தில் வந்து, பொழுது சாயும்போது திரும்புகிறவர்கள். விவசாயி, கல்லூரிப் பிள்ளை, ஆஸ்பத்திரிக்கு வரும் பாட்டி, கட்டட வேலைக்கு வரும் சித்தாள். ரயில் இல்லாத ஊர் என்பதால் பேருந்து நிலையமே அந்த நகரத்தின் வாசல். எங்கள் வினாத்தாளில் முதல் கேள்வி வார்டு எண். சின்ன வெங்காயம் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா, நாங்கள் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்பதைப் பார்த்துவிட்டு, “எங்களையெல்லாம் கேக்க மாட்டீங்களா சார்?” என்றார். எந்த வார்டும்மா என்று கேட்டேன். “ஊரு குன்னம் பக்கங்க. பொழப்பு இங்கதான்” என்றார். வார்டு இல்லாததால் படிவத்தை மூடிவிட்டு நகர்ந்தேன். நாள் முழுக்க அந்த நகரத்தில் உட்கார்ந்திருப்பவர். எங்கே தண்ணீர் குடிக்கிறார், எங்கே ஒதுங்குகிறார், மழை வந்தால் மூட்டையை எங்கே இழுத்து வைக்கிறார் என்று அவரிடம் கேட்டிருந்தால் அந்த நகரத்தைப் பற்றி ஒரு அத்தியாயமே கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் தாளும் நாடாவுமாக வருகிறவர்களைப் பார்த்து மக்கள் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. ஜெயங்கொண்டம் பக்கத்தில் 1990-களில் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காகப் பல ஊர்களில் நிலம் எடுத்தார்கள். மின் நிலையம் வரவேயில்லை. இழப்பீட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் ஓடின. கடைசியில் திட்டமே கைவிடப்பட்டது. பெரம்பலூர் மாவட்டத்தில் திருமாந்துறை, எறையூர்ப் பக்கத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காக எடுத்த நிலமும் நெடுங்காலம் தொழிற்சாலை வராமல் கிடந்தது. 2022 நவம்பரில்தான் எறையூரில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து நடத்த வேண்டிய கூட்டம். எங்கே தோண்டுவது, எவ்வளவு தோண்டுவது என்ற வரைவு தயாரான பிறகுதான் ஊராரின் கருத்து கேட்கப்படுகிறது. எங்கள் கூட்டத்தையும் மக்கள் அந்த வரிசையில்தான் வைத்துப் பார்த்தார்கள். “நெலம் எடுக்கறதுக்கா?” என்று சிலர் நேராகவே கேட்டார்கள். கேட்காதவர்கள் பேசாமல் இருந்தார்கள். அந்த மௌனத்தை, ஆர்வமின்மை என்று அறிக்கையில் எழுதினேன். வரலாற்றைப் படித்துவிட்டுப் போயிருந்தால் அச்சம் என்று எழுதியிருப்பேன். படிப்பதற்கு எல்லாமே கிடைத்தது.

இதெல்லாம் தெரியாமல் செய்த தவறு என்று தப்பிக்க எனக்கு வழியில்லை. இவற்றையெல்லாம் மாணவர்களுக்குப் பாடம் சொன்னவன் நான். உயிரியலில் தொடங்கி நகரத் திட்டமிடலுக்கு வந்த பேட்ரிக் கெடிஸ் 1915 ஜனவரியில் சென்னையில் நகரக் கண்காட்சி நடத்தினார். சென்னை மாகாணத்து ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். ஊரை அறிந்த பிறகே அதற்குத் திட்டம் என்பது அவருடைய வாழ்நாள் வாதம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கே அனுப்பித் தகவல் திரட்ட வைத்தார். அது 1918-இல் நூலாக வந்தது. பின்னாளில் அதே ஊர்களுக்கு மற்றவர்களும் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். பார்பரா ஹாரிஸ்-வைட் 1973-இல் ஆரணியில் தொடங்கிய ஆய்வு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அரிசி, பட்டு, தங்கம் என்று ஒரு சின்ன நகரத்தின் பொருளாதாரத்தைப் பல துறையினர் திரும்பத் திரும்பப் போய்ப் படித்தார்கள். 2016-இல் அது நூலானது. பங்கேற்பு ஆய்வு முறைக்குப் பேர்போன ராபர்ட் சேம்பர்ஸ் 1989 முதல் 1991 வரை ஹைதராபாத்தில் தங்கியிருந்தார். மைராடா போன்ற தொண்டு அமைப்புகளோடு அவர் வளர்த்த முறையில் கோலும் சுண்ணக்கட்டியும் மக்கள் கைக்குப் போக வேண்டும், ஆய்வாளர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். தமிழக ஏரிகளை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மாஸ் 1994-லேயே எச்சரித்தார். பொதுக்கூட்டமாகக் கூட்டிக் கேட்டால் வலுத்தவர் கருத்து ஊர்க்கருத்தாகப் பதிவாகும், பெண்களின் குரல் விடுபட்டுப்போகும் என்றார். மக்கள் பங்கேற்பை அளக்க ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் போட்ட எட்டுப் படி ஏணியில் வெறுமனே கருத்துக் கேட்பது நான்காம் படிதான். இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய நானே அந்த நான்காம் படியில் நின்றுகொண்டு உச்சிக்குப் போய்விட்டதாக எழுதினேன்.

ஏன் செய்தேன்? பணம் கொடுத்தவர்கள் குறித்த தேதியில் அறிக்கை கேட்டார்கள் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி எனக்குள் இருந்தது. அந்த அக்காவின் பேச்சைப் பிரிக்காமல் விட்டால் எங்கள் யாருடைய படிப்பும் தனியாக அதற்குப் பதில் சொல்ல முடியாது. நிலவியல்காரரும் மருத்துவரும் பொறியாளரும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எனக்கு இது தெரியவில்லை என்று ஒருவர் முன் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு எனக்குத் துணிவில்லை. அத்தியாயமாகப் பிரித்துவிட்டால் ஆளுக்கொரு பக்கம் நிபுணராகவே இருந்துகொள்ளலாம். என் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ள அவர் சொன்னதைத் துண்டு துண்டாக்கினேன்.

அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதினோம். தமிழில் நாலு பக்கச் சுருக்கம் போட்டுத் திரும்பப் போய் வாசித்துக் காட்டுவதாகக் கூட்டத்தில் வாக்குக் கொடுத்திருந்தேன். போகவில்லை. அதற்கு மேடை இல்லை என்றும் சொல்ல முடியாது. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான் வார்டு குழுக்களை அரசமைப்புச் சட்டம் கட்டாயமாக்குகிறது. பெரம்பலூரும் அரியலூரும் அந்தக் கணக்கில் வராது. ஆனால் தமிழ்நாட்டில் 2022-இல் விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் நகர்ப்புறத்திலும் பகுதி சபாக் கூட்டங்கள் தொடங்கிவிட்டன. கிராம சபை போல, தெருக்காரர்கள் உட்கார்ந்து பேசும் இடம். எங்கள் முடிவுகளை அங்கே வைத்து, இது சரியா என்று கேட்டிருக்கலாம். தவறு என்று எழுந்து சொல்வார்களோ என்ற பயம்தான் என்னைத் தடுத்தது.

ஆய்வு மாணவி எழுதிய மூலத்தாள்களை நான் தூக்கிப் போடவில்லை. பிரிப்பதற்கு முன் அவள் எழுதியது எழுதியபடி என்னிடம் இருக்கிறது. அவற்றைத் தமிழில் அச்சடித்து, சொன்னவர்கள் அனுமதித்தால் அவர்கள் தெருவிலேயே வாசித்துக் காட்டப்போகிறேன். அறிக்கையில் எதை எங்கே வெட்டினேன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அவர்கள் கோபப்பட்டால் கேட்டுக்கொள்வேன். இனி நான் சேரும் எந்த ஆய்விலும் வினாத்தாள் எழுதும் மேசையில் அந்த ஊர்க்காரர்கள் உட்கார வேண்டும், கூலியோடு உட்கார வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வேன். மறுத்தால் அந்த வேலையை எடுக்க மாட்டேன். துறைகளுக்கு அத்தியாயம் ஒதுக்கும் முன் ஒரு வீட்டின் ஒரு நாளை எல்லாத் துறையினரும் சேர்ந்து, விடியற்காலையிலிருந்து படுக்கும் வரை, எழுத வேண்டும். பிறகுதான் யார் எதை அளப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களைப் போன்றவர்கள் இன்னும் வருவார்கள். ஊர் வளர வளர அதிகமாகவே வருவார்கள். பதில் சொல்வதற்கு முன் நீங்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தக் கேள்விகளை எழுதியது யார்? முடிவை எந்தத் தேதியில், எந்த இடத்தில், எங்கள் மொழியில் வந்து சொல்வீர்கள்? இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் வாயைத் திறக்காதீர்கள். எங்கள் குழு வந்தபோது நீங்கள் இதைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.